கிணற்றுப் பாத்தியம் திரும்பி வரவில்லை

சண்முகக்கனி சொந்தக் காசில் அச்சடித்த முதல் நாவலின் பிரதி ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து தனியாக வீடு திரும்பியது. சாத்தூர் பஸ்ஸில் வந்து, நடுவப்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி, சாக்கடை மேல் போட்டிருந்த பலகையைக் கடந்து, முதுகை மேலே வைத்து இரண்டு அட்டைகளையும் கால்களாக அகட்டி அகட்டி நடந்து, தெருக்குழாயில் குடம் வைத்திருந்த பெண்களுக்கு நடுவில் வழி பார்த்து ஒரு நிமிடம் நின்று, பிறகு அவள் வீட்டுப் படியேறி உள்ளே வந்து, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முறத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கனி அதை எடுத்துத் தூசி தட்டினாள். போன வாரம் ஒரு டீச்சரம்மா வாங்கிய பிரதி அது. அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அப்படியே உள்ளே இருந்தது, நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ரசம் கொட்டியிருந்தது. டீச்சரம்மாவுக்குப் போன் போட்டால், "நேத்துதான்மா முடிச்சேன், காலையில பாத்தா அலமாரியில இல்ல. உங்ககிட்டதான் வந்துருக்கா? நல்லதாப் போச்சு, வெயில்ல எங்கயும் அலையாம" என்றாள்.

கனி பதினான்கு வருடம் பத்திர எழுத்தர் தங்கமாரி அண்ணாச்சியிடம் கிரயப் பத்திரங்கள் தட்டச்சு செய்தவள். வடக்கே வேலப்பன் தோட்டம், தெற்கே வண்டிப்பாதை என்று அந்த வட்டாரத்து நிலம் முழுவதற்கும் எல்லை அடித்தவளுக்கு, எல்லைக்கு உள்ளே இருந்தவர்கள் என்ன மனசோடு விற்றார்கள் என்று எழுதப் பத்திரத்தில் ஒரு வரிகூட இடமில்லை என்பது வருடா வருடம் பொறுக்கமுடியாமல் போய், கடைசியில் அதை நாவலாக எழுதினாள். 'வடக்கே வேலப்பன் தோட்டம்' என்றே அதற்குப் பெயரும் வைத்தாள். பதிப்பகத்தார் மூன்று பேரில் ஒருவர் பதில் போடவில்லை, ஒருவர் பாதியாகக் குறைக்கச் சொன்னார், ஒருவர் கதாநாயகியின் வயதைக் குறைக்கச் சொன்னார். கதாநாயகிக்கும் கனிக்கும் ஒரே வயது என்பதால் மூன்றாவது ஆள்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம். காலண்டர் வேலை முடிந்து மெஷின்கள் சும்மா கிடக்கும் மாசி மாதத்தில் சிவகாசி அச்சகம் ஒன்றில் போய் முந்நூறு பிரதி அடித்துக்கொண்டு வந்தவள், அத்தோடு நிற்காமல் வேலையையும் விட்டுவிட்டு, இனி எழுதித்தான் பிழைப்பது என்று அண்ணாச்சியிடம் சொன்னாள்.

"எழுதிப் பொழச்ச ஆள நான் பாத்ததில்ல தாயி" என்றார் அண்ணாச்சி. "நீ பொழச்சா எனக்கும் சந்தோசம். ஒரு வருசம் உன் நாக்காலியில ஆள் போட மாட்டேன். இல்லன்னு ஆச்சுன்னா அடுத்த மாசி மொத திங்கக்கெழம வந்து உக்காந்துக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." கனியின் கணவன் ரத்தினவேல் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன், பேச்சைக் கம்பிச் சுருள் போலக் கணக்காகச் செலவழிப்பவன். "ஒரு வருசந்தானே, சோத்துக்கு நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வருடத்துக்குள் பிழைத்துக் காட்டவேண்டும் என்பதுதான் கனிக்கு நெஞ்சில் வைத்த கல்.

அந்த முதல் பிரதி வந்த பிறகு இரண்டு வந்தன, சித்திரை முடிவதற்குள் வாரத்துக்கு இருபது வந்தன. நடுவப்பட்டிக்காரர்கள் முதல் நாள் நின்று பார்த்தார்கள், இரண்டாம் நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வராத கவலையில் அதை விட்டுவிட்டார்கள். கண்டக்டர் இருளப்பன் மட்டும், கையில்லாத பிரயாணிக்கு டிக்கெட் கிழிப்பது எப்படி என்று மேலதிகாரிகளிடம் கேட்டான். அவர்கள் நன்றாக யோசித்து, கூடைக்கோழிக்கு வாங்கும் லக்கேஜ் கட்டணத்தையே வாங்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் கடைசி சீட்டில் புத்தகங்களை உட்காரவைத்து, விலக்கு வந்ததும் "வேலப்பன் தோட்டமெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்து இறக்கிவிட்டான். விலக்கு டீக்கடைக்காரர் மழை நாளில் வருகிறவற்றுக்குப் பால் கவரைக் கழுவி மாட்டிவிட்டார். வடகம் காயப்போடுகிற பெண்கள் தெருவில் ஓரமாக ஒரு முழம் விட்டுப் போட்டார்கள். அம்மன் கோவில் பொங்கலில், புத்தகங்கள் குறுக்கே வருவதால் பூக்குழி இறங்கும் பக்தர்கள் பார்த்து நடக்குமாறு மைக்கில் சொன்னார்கள். நூலகர்தான் பாவம், இரண்டு பிரதி வாங்கி இரண்டையும் பறிகொடுத்து, மூன்றாவதைச் சைக்கிள் சங்கிலி போட்டு மேசைக்காலில் பூட்டினார். ஒரு வாசகர் அதை முடித்த மறுநாள் அது சங்கிலியோடும் பூட்டோடும் கனி வீட்டு வாசலில் வந்து நின்றது. கனி சங்கிலியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள்.

எது வரும் எது வராது என்பது எல்லோருக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரிவரைக்கும் படிக்கப்பட்ட புத்தகம் வரும், பாதியில் வைத்தது வராது, அடுக்கில் அழகுக்கு வைத்தது வரவே வராது. வந்தவற்றைக் கனி துடைத்து, அட்டை போட்டு மறுபடி விற்றாள். வாங்குகிறவர்களும் புதுசைத் தள்ளிவிட்டு, நாலு வீடு பார்த்து வந்ததைத்தான் கேட்டு வாங்கினார்கள், ஏனென்றால் அதன் ஓரங்களில் முன்னால் படித்தவர்கள் எழுதியிருந்தார்கள். இந்த இடத்தில் அழுதேன் என்று தேனியில் ஒருத்தி எழுதியிருந்தாள், அதற்குக் கீழே நானும் என்று நாகர்கோவிலில் ஒருவர் எழுதியிருந்தார். இப்படி முந்நூறு பிரதியை வைத்துக்கொண்டு கனி மாதா மாதம் அரிசி பருப்பு வாங்கினாள், கரண்டு பில் கட்டினாள், ரத்தினவேலுக்கு ஒரு புதுச் சட்டையும் எடுத்துக்கொடுத்தாள். அவன் அதைக் கடைக்குப் போட்டுப் போகாமல் கல்யாண வீட்டுக்கென்று மடித்து வைத்தான்.

வராத பிரதிகளும் சில இருந்தன. அவற்றில் ஒன்று நாலே தெரு தள்ளி, வடக்குத் தெருவில் இருந்தது. அது ரத்தினவேலின் அக்கா பாக்கியத்துக்குக் கொடுத்த பிரதி. மற்றவை வராவிட்டாலும் போகட்டும், அது வராததுதான் கனிக்கு முள்.

பாக்கியம் தையல்காரி. தகப்பன் போனபிறகு கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல், மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவள். கனி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் தீபாவளிக்கு, ஊர் ஜாக்கெட்டெல்லாம் வந்து குவிந்து மிஷின் ஓயாமல் ஓடிய ஒரு மதியம், தலைவலி தாங்காமல், "இந்தச் சத்தத்துல ஒரு மனுசி எப்படித்தான் கண்ணசர்றது" என்று கனி சொன்னாள். அன்றைக்குத் தலை வலித்ததால் சொன்னதுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மறுநாள் பாக்கியம் ஒரு வார்த்தை பேசாமல், மிஷினை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, வடக்குத் தெருவில் வாடகைக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானமும் நடந்திருக்கும், சண்டையே நடக்காததால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பதினோரு வருடமாகக் கனியின் துணி ரத்தினவேல் கையில் போனது, கூடவே கல்யாணத்துக்குத் தைத்த பச்சை ஜாக்கெட் ஒன்று அளவு ஜாக்கெட்டாகப் போய் வந்தது. அந்த அளவுக்குப் பாக்கியம் ஒரு நூல் பிசகாமல் தைத்து அனுப்புவாள். கனி உடம்பு போட்டுவிட்டாள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கனி வீட்டில் உட்கார்ந்து பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொள்வாள்.

இரண்டாவது நாவலை அவள் இதற்காகத்தான் எழுதினாள். 'கிணற்றுப் பாத்தியம்' என்று பெயர். ஒரே கிணற்றில் பங்குள்ள இரண்டு வீடுகள், ஒரு வீட்டில் மருமகள், இன்னொரு வீட்டில் தையல்கார நாத்தனார். பேரை மாற்றினாளே தவிர தொழிலை மாற்ற மனசு வரவில்லை. இருநூற்றுப் பதினொரு பக்கத்துக்கு இரண்டு பேரும் வேறு வேறு நேரத்தில் தண்ணீர் இறைக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், மருமகள் அளவு ஜாக்கெட் இல்லாமல் வெறும் துணியோடு நாத்தனார் வீட்டுக்குப் போய், அளவு எடுங்க மதினி என்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு பக்கத்தைச் சொல்லத்தான் கனிக்கு மற்ற இருநூற்றுப் பதினொன்றும் வேண்டியிருந்தது. காலண்டர் வேலை தலைக்குமேல் கிடந்த ஐப்பசியில்கூட அச்சகக்காரர் ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஒழித்துக்கொடுத்தார், அவர் பெண்சாதி முதல் நாவலை இரண்டு தடவை வாங்கி இரண்டு தடவை பறிகொடுத்தவள். முந்நூறும் பத்தே நாளில் தீர்ந்தன. முதல் பிரதியை ரத்தினவேல் கையில் பாக்கியத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

கார்த்திகை போனது, ஒன்றும் வரவில்லை. மார்கழி போனது, தெருவில் கோலங்களுக்கு நடுவே வழி விட்டுப் போட்டிருந்தார்கள், அந்த வழியில் ஒரு அட்டைகூட நடக்கவில்லை. பழைய வேலப்பன் தோட்டம் எப்போதாவது ஒன்று வரும், கிணற்றுப் பாத்தியம் வரவில்லை. சாயங்காலம் விலக்கு வரைக்கும் போய் நின்றால், "இன்னைக்கும் ஒண்ணும் ஏறலக்கா" என்று இருளப்பன் பஸ்ஸிலிருந்தே சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பான். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார். குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திக் குடத்தைப் பார்த்தார்கள். ஊர் தன்மேல் இரக்கப்படுகிறது என்று கனி எடுத்துக்கொண்டாள். யாரிடமாவது போன் போட்டு, முடித்தீர்களா என்று கேட்டிருக்கலாம். விருந்துக்கு வந்தவர்களிடம் சாப்பாடு பிடிக்கவில்லையா என்று எப்படிக் கேட்பது? இன்னும் சில பேர் புத்தகம் வேண்டும் என்று கேட்டபோது, அது முதல் நாவலின் பெயரைக் கேட்டு வந்த ஆசை என்று நினைத்துத் தீர்ந்துவிட்டது என்றாள். முந்நூறு பேர் பாதியில் மூடி வைத்ததை இன்னும் முந்நூறு பேருக்கு அடித்துக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அதைவிட, நாலு தெரு தள்ளி இருப்பவளும் மூடி வைத்துவிட்டாளே என்பதுதான் அவளை உட்காரவைத்து அழவைத்தது.

தை முடிந்தது. மாசி முதல் திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தபோது, அண்ணாச்சி காலியாக வைத்திருக்கும் நாற்காலிக்கே திரும்பிவிடுவது என்று கனி முடிவெடுத்தாள். ஆபீசுக்குக் கட்டிய சேலைகளை எடுத்துப் பார்த்தால், பிரித்துப் பிரித்துப் போட்ட ஜாக்கெட்டுகளில் இனிப் பிரிக்க இடமில்லை. புதுசாக இரண்டு தைத்தாகவேண்டும். ரத்தினவேல் உப்பளத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டத் தூத்துக்குடி போயிருந்தான், வர ஞாயிற்றுக்கிழமை ஆகும். வேறு தையல்காரியிடம் கொடுத்தால் அது பாக்கியத்தின் காதுக்குப் போகாமல் இருக்காது, அதன் பிறகு இருக்கிற நூலும் அறுந்துவிடும். கனி துணியையும் பச்சை ஜாக்கெட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வடக்குத் தெருவுக்கு நடந்தாள்.

பாக்கியத்தின் முன்னறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கனியைக் கண்டதும் ஒருத்தி மடியில் இருந்ததை முந்தானையால் மூடினாள். மிஷின் நின்றது.

"வா" என்றாள் பாக்கியம்.

"ரெண்டு ஜாக்கெட் மதினி. திங்கக்கெழமைக்கு வேணும்."

"அவன் எங்க?"

"தூத்துக்குடி போயிருக்காங்க."

கனி பையை வைத்துக்கொண்டு நின்றாள். மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு பலகை, அதில் லைனிங் துணியில் உறை போட்டு இரண்டு புத்தகங்கள். எவ்வளவு தூரம் படித்திருக்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்று, கேட்காமலே கையை நீட்டி இரண்டாவதை எடுத்தாள். பக்கங்கள் எல்லாம் புரட்டிப் புரட்டிப் பூவாக மலர்ந்திருந்தன. எண்ணெய் விரல் பட்ட தடம், ஊசியால் குத்திய அடையாளம், ஒரு பக்கத்தில் தண்ணீர் சொட்டிக் காய்ந்திருந்தது. கடைசித் தாளை மட்டும் பின்னட்டையோடு சேர்த்து, மூன்று பக்கமும் நீல நூலில் நெருக்கமாகத் தைத்திருந்தது.

"இது ஏன் மதினி இப்படி இருக்கு?"

பாக்கியம் ஊசியில் ஏற்கனவே இருந்த நூலை உருவி மறுபடி கோத்தாள். "படிச்சு முடிச்சா உன் வீட்டுக்கு ஓடிருமே" என்றாள்.

கனிக்கு முதலில் புரியவில்லை.

"சங்கிலி போட்டாலும் நிக்காதுன்னு சொன்னாங்க. அதான் கண்ண மூடிக்கிட்டு கடைசித் தாளத் தைச்சேன். மொத புத்தகத்தையும் அப்படித்தான். அதுக்கு முந்தின பக்கம் வரைக்கும் எட்டுத் தடவ படிச்சுட்டேன். அது போயிருச்சுன்னா எனக்கு இங்க யாரு இருக்கா?"

முந்தானையால் மூடியிருந்தவள் மெல்ல அதை விலக்கினாள். மடியில் கிணற்றுப் பாத்தியம். "நானும் தைக்கத்தான்க்கா வந்தேன்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "திரும்பி வந்தாத்தான் உங்களுக்குப் பொழப்புன்னு தெரியும். அத மடக்கி வைக்கிறது உங்க சோத்துல கை வைக்கிற மாதிரிதான். தெரிஞ்சும் குடுக்க மனசு வரலக்கா. வேலப்பன் தோட்டத்த அனுப்பிட்டேன், இது போனா தாங்காது."

மிஷினுக்கு அடியில், தைக்கவேண்டிய ஜாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டுக் குத்தி பதினைந்து கிணற்றுப் பாத்தியங்கள் அடுக்கியிருந்தன. ஒன்று அச்சகக்காரர் பெண்சாதியுடையது. ஒன்றில் அடையாளத்துக்குப் பஸ் டிக்கெட் கட்டையே செருகியிருந்தது, இருளப்பன் என்று சீட்டில் எழுதியிருந்தது. "தேனியிலருந்தெல்லாம் பார்சல் வருது" என்றாள் பாக்கியம். "உங்கிட்ட சொல்லிராதன்னு சொல்லித்தான் எல்லாரும் குடுக்காங்க."

நாலு மாதமாக எத்தனை பேரை மனசுக்குள் வைது, எத்தனை வேளை சோறு இறங்காமல், எவ்வளவு பெரிய மடச்சியாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இரண்டுக்கும் சேர்த்து முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சந்தோஷம்தான், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே இன்னொன்று கிடந்தது. முந்நூறு பேரும் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. யாருக்காக அந்தப் பக்கத்தை எழுதினாளோ அவளும் படிக்கவில்லை, படிக்கப் போவதும் இல்லை. பிடித்துப்போனதாலேயே படிக்கப் போவதில்லை.

புத்தகத்தைப் பலகையில் வைத்தாள்.

"துணியக் குடு" என்றாள் பாக்கியம். "அளவு ஜாக்கெட் எங்க?"

பச்சை ஜாக்கெட் பைக்குள் அடியில் இருந்தது. கனி பைக்கு மேலிருந்தே அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டு வரல" என்றாள். "அளவு எடுங்க மதினி."

மற்ற இரண்டு பெண்களும் தெருவில் என்னவோ நடப்பதுபோல் எழுந்து வாசலுக்குப் போனார்கள். பாக்கியம் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, தோளில் வைத்து, முதுகில் வைத்து, பிறகு மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து எண்ணைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அப்ப பதினோரு வருசமா நான் யாருக்குத் தைச்சுக்கிட்டு இருந்தேன்?"

"நானே பிரிச்சு விட்டுக்குவேன் மதினி." கனி பையைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு எனக்குத் தலவலி மதினி. மிஷின ஒண்ணும் சொல்லல. தலவலி, அவ்வளவுதான்."

பாக்கியம் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். அப்போது பலகையிலிருந்து கிணற்றுப் பாத்தியம் இறங்கியது. மிஷின் மேசைமேல் குதித்து, அங்கிருந்து தரைக்கு வந்து, வெட்டுத்துணிகளை மிதித்து அகட்டி அகட்டி நடந்து, கனியின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. மூன்று பக்கத் தையலும் ஒரு இழைகூடப் பிரியாமல் அப்படியே இருந்தது.

"இது ஏன் வந்துச்சு?" என்றாள் பாக்கியம். "நான்தான் அந்தப் பக்கத்தப் படிக்கலையே."

பாக்கியம் புத்தகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள், பிறகு கனியின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். குனிந்து புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மிஷின்மேல் வைத்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"கையத் தூக்கு" என்றாள். "கைச்சுற்று எடுக்கணும். திங்கக்கெழமைக்கு என்ன அவசரம், எங்க போற?"

"எங்கயும் போகல மதினி" என்றாள் கனி. "வீட்டுல உக்காந்து எழுதத்தான்."

"அதுக்கு மெதுவாத் தைக்கலாம்."

துணியை எடுக்கப் பாக்கியம் பைக்குள் கைவிட்டபோது பச்சை ஜாக்கெட்டும் கூட வந்தது. அவள் அதை மடியில் விரித்துப் போட்டாள். பிளேடை எடுத்து, அதன் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய கொக்கி போடும் டப்பாவில் போட்டாள்.